முகமற்ற நீதிபதியும் முகமற்ற குடிகளும்: '2000 ஏ.டி.' கதைகள் குறித்து ஒரு ரசிகனின் தீர்ப்புகள்

1

ரசிகன் என்ற சொல்லுக்கு நமது சிறுபத்திரிகைச் சூழலில் அவ்வளவாக மரியாதை கிடையாது. கைதட்டுகிறவன் ரசிகன், யோசிக்கிறவன் விமர்சகன் என்று ஒரு பாகப்பிரிவினை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. ஆனால் வாராவாரம் ஒரு சித்திரக்கதை இதழைப் படித்துவிட்டு, 'இந்தத் தொடர் தேவலை, அது வெறும் இழுவை, அந்த ஆளைச் சாகடித்திருக்கக் கூடாது' என்று சண்டை பிடிக்கிறானே, அவன் செய்வதும் தீர்ப்பு சொல்கிற வேலைதான். அந்தத் தீர்ப்புகளுக்குள் ஓர் அரசியல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் யாரை நேசிக்கிறான், யார் செத்தால் அவனுக்கு உறைப்பதில்லை என்பதில்தான் அது வெளிப்படுகிறது. '2000 ஏ.டி.' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை வாரஇதழின் சில தொடர்களை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம். பேசப்போகும் ரசிகன் நான்தான். ஆகவே இங்கு நடுநிலை எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்த இதழின் வம்சாவளி நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி'யைத் தெரியாதவர்கள் குறைவு. அந்த மாயாவி பிறந்தது 1962இல் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வாரஇதழில். அதே 'வேலியண்ட்' தன் கடைசிக் காலத்தில், 1975-76 வாக்கில், ஒற்றைக்கண் நியூயார்க் போலீஸ்காரன் ஒருவனின் கதையை வெளியிட்டது. எழுதியவர் ஜான் வாக்னர். 'டர்ட்டி ஹாரி' (1971) படத்தின் பாதிப்பில் பிறந்த, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்கிற போலீஸ்காரன் அவன். அவனைத்தான் வாக்னர் இன்னும் ஒரு நூறாண்டு தள்ளிக் கொண்டுபோய் 'ஜட்ஜ் ட்ரெட்' ஆக்கினார். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். ட்ரெட்டுக்கோ தலைக்கவசத்துக்குக் கீழே வாயும் தாடையும் மட்டும்தான் தெரியும். நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும் அவன் முகத்தை இதழ் வாசகனுக்குக் காட்டியதில்லை.

முகம் என்கிற இந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இக்கதைகளை வாசிக்க விரும்புகிறேன். அதிகாரத்துக்கு முகமில்லை, சரி. அதன் கீழே வாழ்கிறவர்களுக்கு இந்தக் கதைகள் முகம் கொடுக்கின்றனவா? எனக்குப் பிடித்த கதைகளையும் பிடிக்காத கதைகளையும் பிரிக்கிற கோடு இந்தக் கேள்வியில்தான் விழுகிறது.

2

முதலில் இதழ் எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். 1976 பிப்ரவரியில் ஐ.பி.சி. நிறுவனம் 'ஆக்‌ஷன்' என்ற சிறுவர் வாரஇதழைத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் பேட் மில்ஸ். பள்ளிக்கூடத்தையும் தெருவையும் பார்த்து எழுதப்பட்ட, ரத்தம் சொட்டுகிற கதைகள். பையன்கள் கொண்டாடினார்கள். நாளேடுகள் கூச்சல் போட்டன. அக்டோபரில் இதழ் கடைகளுக்குப் போகாமல் நிறுத்தப்பட்டது. பல்லைப் பிடுங்கிய பிறகு டிசம்பரில் மறுபடி விட்டார்கள். இதே மில்ஸ்தான் 1977 பிப்ரவரி 26 தேதியிட்டு வெளிவந்த '2000 ஏ.டி.' முதல் இதழையும் உருவாக்கியவர். அறிவியல் புனைகதைப் படங்கள் வரப்போகின்றன, அதற்கேற்ற இதழ் ஒன்று வேண்டும் என்ற யோசனையைச் சொன்னவர் அந்நிறுவனத்திலேயே வேலை பார்த்த கெல்வின் காஸ்னெல்.

இதில் ஒரு தந்திரம் இருந்தது. லண்டன் தெருவில் பையன் கல்லெறிந்தால் அது சமூகப் பிரச்சினை. 22ஆம் நூற்றாண்டில் ரோபோ ஒன்று ஊரையே கொளுத்தினால் அது கற்பனை. எதிர்காலம் என்று ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டால் நிகழ்காலத்தைப் பேச முடியும். இந்தப் போர்வையும் எப்போதும் போதவில்லை. முதல் இதழின் 'இன்வேஷன்' தொடரில் 1999இல் பிரிட்டனைப் பிடிக்கிற படை சோவியத் படையாக இருந்தது. மேலிடத்துக்குப் பயம் வந்து 'வோல்கன்கள்' என்று பெயரை மாற்றினார்கள். வாசித்த பையன்களுக்கு வோல்கா நதி எந்த நாட்டில் ஓடுகிறது என்று தெரியாதா என்ன?

ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு தொடர்கள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பக்கம். எந்தக் கதை பிடித்தது என்று வாசகர்கள் வரிசைப்படுத்தி எழுதிப் போடுவார்கள். கடைசியில் நிற்கிற தொடருக்குச் சீட்டுக் கிழியும். பிரிட்டிஷ் சிறுவர் வாரஇதழ்களின் பொதுவான வழக்கம் இது. ஆக, ரசிகனின் அபிப்பிராயம் இங்கே கதைக்கு வெளியே நிற்கிற ஒன்றாக இல்லை. கதையின் போக்கையே தீர்மானிக்கிற சக்தி அதற்கு உண்டு. நாயகனைச் சாகடிக்கலாமா, கலகக்காரனை ஜெயிக்க விடலாமா என்பதெல்லாம் ஓரளவுக்கு ஒட்டெடுப்பு விஷயங்கள்.

இதழின் ஆசிரியர் தார்க் என்கிற வேற்றுக்கிரகவாசி. எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அவரிடம் அடி வாங்குகிற ரோபோக்கள். இது இதழின் நிரந்தர வேடிக்கை. சிரித்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் வேடிக்கைக்குள் உண்மை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் காமிக்ஸில் படைப்பாளியின் பெயர் அச்சாகாது. பாத்திரங்களின் உரிமை நிறுவனத்துக்கு. கூலிக்கு வரைந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். கெவின் ஓ'நீல் அங்கே வேலை பார்த்தபோது, முதலாண்டிலேயே, கதையோடு எழுத்தாளர், ஓவியர், எழுத்துக்கோர்ப்பவர் பெயர்களைச் சிறிய அட்டை வடிவில் அச்சிட்டுவிட்டார். வாசகர்களுக்கு அது ஒரு பெட்டிச் செய்தி. வரைகிறவர்களுக்கு அது முகம்.

3

ஜட்ஜ் ட்ரெட் இரண்டாவது இதழில் (1977 மார்ச் 5) வந்தான். அணுப்போரில் அழிந்த அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மெகாசிட்டி ஒன் என்ற மாநகரம். 80 கோடி மக்கள். வேலைகளை ரோபோக்கள் பார்ப்பதால் பெரும்பான்மையோருக்கு வேலையில்லை. தேர்தல் கிடையாது. நீதிபதிகள் என்ற பெயரில் தெருவில் அலைகிற போலீஸ்காரர்கள் கைது செய்வார்கள், விசாரிப்பார்கள், தண்டிப்பார்கள், தேவைப்பட்டால் அங்கேயே சுட்டும் போடுவார்கள். சர்க்கரை வைத்திருந்தாலே குற்றம். அதாவது குற்றம் செய்யாத மனிதன் என்று ஒருவன் அந்த நகரத்தில் இருக்கவே முடியாது. அகப்பட்டவன், இன்னும் அகப்படாதவன் என்ற இரண்டே வகைதான்.

ட்ரெட்டின் உருவத்தை வடித்தவர் ஸ்பானிய ஓவியர் கார்லோஸ் எஸ்கெரா (1947-2018). ஃபிராங்கோவின் ஆட்சியில் வளர்ந்தவர் அவர். தோளில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கழுகு, உடம்பில் தொங்குகிற சங்கிலி, பூட்ஸ், இவை எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தனியாக ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. பாசிசத்தை உள்ளேயிருந்து பார்த்தவன் வரைந்த சீருடை அது.

அல்தூஸ்ஸர் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு உதாரணம் வரும். தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிடுகிறான். நடந்து போகிறவன் திரும்புகிறான். திரும்புகிற அந்த அசைவிலேயே அவன் கருத்தியலின் தன்னிலையாக ஆகிவிடுகிறான். ட்ரெட் கதைகளின் ஆதாரக் காட்சி இதுதான். கிட்டத்தட்ட ஒவ்வொரு கதையிலும் ஒருவன் கூப்பிடுகிறான், ஒருவன் திரும்புகிறான். கூப்பிடுகிறவனுக்கு முகம் கிடையாது. ஆகவே எதிரே நிற்கிறவன் சட்டத்தோடு பேச முடியுமே தவிர மனுஷனோடு பேச முடியாது. ஆனால் நமது கோட்பாட்டாளர்கள் கவனிக்காமல் விடுகிற இன்னொரு ஆள் இந்தக் காட்சியில் இருக்கிறான். கட்டத்துக்கு வெளியே இருந்து வேடிக்கை பார்க்கிற வாசகன். அவன் யார் பக்கம் நிற்கிறான்? பெரும்பாலும் கூப்பிடுகிறவன் பக்கம்தான். காரணம் சுலபமானது. மோட்டார் சைக்கிள் அவனுடையது, வசனம் அவனுடையது, தொடரின் பெயரும் அவனுடையது.

'இது நையாண்டிதானே, வாக்னர் போலீஸ் அரசைக் கிண்டல் செய்கிறார், புரியலையா?' என்று கேட்கிற ரசிகர்கள் உண்டு. புரிகிறது. ஆனால் நையாண்டியும் கிளுகிளுப்பும் ஒரே கட்டத்தில் அக்கம்பக்கமாகக் குடியிருக்க முடியும். ஒருவன் கேலியை வாசித்துச் சிரித்த கையோடு, சுடுகிற காட்சியில் விசிலும் அடிக்கலாம். நையாண்டி என்ற முத்திரை குத்திவிட்டால் பிரதி தானாகவே நல்ல பிள்ளையாகிவிடுவதில்லை. கதைக்குக் கதை பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

4

சொல்கிறேன்.

'சபிக்கப்பட்ட பூமி' (1978) பெரும்பகுதி மில்ஸ் எழுதியது. ட்ரெட் அணுப்பாலைவனத்தைக் கடந்து மேற்குக் கரை நகரத்துக்கு நோய் மருந்து கொண்டுபோகும் கதை. ஓட்டம் பிரமாதம். இதில் இரண்டு ஹாம்பர்கர் நிறுவனங்கள் படை திரட்டிக்கொண்டு மோதுகிற அத்தியாயங்கள் வரும். நிறுவனங்கள் நிஜப் பெயரோடேயே வந்தன. வழக்குப் பயத்தில் அந்த அத்தியாயங்களை மறுபதிப்புகளில் சேர்க்காமல் விட்டார்கள். பகடிக்கு விலக்கு அளித்து 2014இல் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2016இல்தான் அவை புத்தகமாயின. பாசிசத்தைக் கிண்டல் செய்தபோது யாருக்கும் கோபம் வரவில்லை. ரொட்டிக்கும் கறிக்கும் நடுவில் கை வைத்ததும் வக்கீல் பயம் வந்துவிட்டது. அந்த அத்தியாயங்களின் அரசியலை இதைவிட நன்றாக யாரும் விளக்கியிருக்க முடியாது.

'சட்டம் செத்த நாள்' (1978-79) காலிகுலாவை மாதிரியாகக் கொண்ட தலைமை நீதிபதி கால் என்பவனின் கதை. தங்கமீன் ஒன்றைத் துணைத் தலைமை நீதிபதியாக நியமிக்கிறான். சிரிப்பு வராமல் இருக்காது. ஆனாலும் எனக்கு இந்தக் கதையோடு ஒட்டுவதில்லை. பைத்தியக்காரச் சர்வாதிகாரியைக் காட்டினால் பைத்தியமில்லாத சர்வாதிகாரி நியாயவானாகத் தெரிவான். காலை வீழ்த்தி ட்ரெட் மீட்டுக் கொடுப்பது எதை? பழைய, ஒழுங்கான கொடுங்கோன்மையை. தெருவில் கூத்தாடுகிற மக்களுக்கு இதைக் கேட்க நாதியில்லை.

இங்கேதான் இந்தத் தொடரின் பெரிய பலவீனம் பிடிபடுகிறது. மெகாசிட்டிக் குடிமகன் என்றாலே கோமாளி. ஆட்டோ சம்ப் என்ற விகாரமான மனிதன், அசிங்கமாக்கிக் கொள்வதற்கென்று ஒரு மருத்துவ நிலையம் திறக்கிறான். ஜனங்கள் காசு கொடுத்து விகாரமாகிறார்கள். நான் ரசித்துப் படித்த கதை இது. இப்போதும் ரசிப்பேன். ஆனால் இப்படி நூறு கதைகளை அடுக்கிப் பார்த்தால் அவற்றின் மொத்த அர்த்தம் வேறு மாதிரி திரள்கிறது. இந்த முட்டாள்களுக்குச் சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும்? ஆக, நீதிபதி வேண்டும்தானே? மேலே போலீஸைக் கேலி செய்துவிட்டு, கீழே அந்தப் போலீஸுக்கே ஒப்புதல் வாங்கித் தருகிறது இந்தச் சிரிப்பு. கிராம்ஷியைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதன் உச்சம் 'அபோகலிப்ஸ் வார்'. வாக்னரும் ஆலன் கிராண்டும் எழுத, எஸ்கெராவே முழுக்க வரைந்தது. 1982 ஜனவரி முதல் ஜூன் வரை வந்தது. ஃபாக்லாந்து யுத்தம் நடந்த மாதங்களும் அதற்குள் அடங்கும். கதை முன்கூட்டியே தொடங்கிவிட்டதால் இது தற்செயல்தான். கிழக்குப் பக்கத்து எதிரி நகரமான ஈஸ்ட்-மெக் ஒன் அணுகுண்டு வீசுகிறது. மெகாசிட்டியில் பாதிப்பேர், 40 கோடி, சாகிறார்கள். ட்ரெட் ஒரு சின்னக் குழுவோடு எதிரியின் ஏவுகணைத் தளத்தைப் பிடித்து, எதிரி நகரத்தையே துடைத்தெறிகிறான். அங்கே 50 கோடிப் பேர். கெஞ்சுகிறார்கள். அவன் தயங்கவில்லை.

பல ரசிகர்களின் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். எஸ்கெராவின் கோடுகளுக்காக என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் மொத்தமாகப் பார்க்கையில் இதழ் வெளியிட்ட கதைகளிலேயே ஆபத்தானது இதுதான் என்று எனக்குப் படுகிறது. 90 கோடிப் பேர் சாகிறார்கள், நமக்கு நினைவு நிற்கிற செத்த குடிமகன் ஒருவர்கூட இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, முகம் இல்லை. நீதிபதிகளுக்கு மட்டும் பெயர் உண்டு.

5

இந்தப் பலவீனத்தை வாக்னருக்கு வெளியே நின்று நான் கண்டுபிடித்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவருக்கே அது உறுத்தியிருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய பின்வந்த கதைகளே சாட்சி.

1981இலேயே ஒரு பொறி தெரிகிறது. சாப்பர் என்கிற வேலையில்லாத விடலைப் பையன், உயரமான சுவர்களில் பெயிண்டால் கிறுக்குகிறான். அவன் கையெழுத்து ஒரு சிரிக்கும் முகம். முகமில்லாத நகரத்தின் மேல் ஒருவன் முகம் வரைந்து வைக்கிறான்! ட்ரெட் அவனைப் பிடித்து உள்ளே போடுகிறான். ஆனால் சில வருஷங்கள் கழித்து அதே சாப்பர் வானத்தில் பலகையோட்டுகிற வீரனாக வரும்போது கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. குடிகளில் ஒருவனுக்கு ரசிகர்கள் கிடைத்துவிட்டார்கள், கதைக்கு உள்ளேயும் வெளியேயும்.

அடுத்தது 'ஒரு ஜனநாயகவாதியின் கடிதம்' (1986). ஹெஸ்டர் ஹைமன் என்ற குடும்பப் பெண், தேர்தல் வேண்டும் என்று கேட்பதற்காகச் சிலரோடு சேர்ந்து தொலைக்காட்சி நிலையத்தைக் கைப்பற்றுகிறாள். நீதிபதிகள் வந்து கொல்கிறார்கள். இதையெல்லாம் அவள் கணவனுக்கு எழுதி வைத்த கடிதத்தின் வழியாக நாம் படிக்கிறோம். ஒரே வாரத்தில் முடிந்துபோகிற சின்னக் கதை. ஆனால் முதல்முறையாகப் பார்வை தலைகீழாகிவிட்டது. கூப்பிடுகிறவன் தூரத்தில் நிற்கிறான். திரும்புகிறவளின் குரல் நமக்குள் கேட்கிறது.

1987இல் வந்த 'புரட்சி' இதன் தொடர்ச்சி. ஜனநாயகம் கேட்டு லட்சக்கணக்கில் ஊர்வலம் கிளம்புகிறது. அரசு அதை எப்படி உடைக்கிறது? தலைவர்களின் அந்தரங்கத்தைத் தோண்டி எடுத்து மிரட்டுகிறது. ஊர்வலத்துக்குள் தன் ஆட்களைக் கலந்துவிட்டுக் கலவரம் மூட்டுகிறது. அப்புறம் 'வன்முறைக் கும்பல்' என்று அடிக்கிறது. இயக்க வேலை செய்த எவருக்கும் இதில் புதுசாக ஒண்ணுமில்லை. புதுசு என்னவென்றால், இதைச் செய்வது தொடரின் நாயகன். வாசகன் ஐந்தாறு வருஷமாக விசிலடித்த அதே ஆளு. இந்த வாரம் விசில் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. ரசிகனின் நேசத்தோடு கதை சண்டை போடுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த வரிசையில் எனது முதலிடம் 'அமெரிக்கா'வுக்கு. வாக்னர் எழுதி, காலின் மெக்நீல் வண்ணத்தில் தீட்டியது. 1990இல் '2000 ஏ.டி.'யின் சகோதர இதழாகத் தொடங்கிய 'ஜட்ஜ் ட்ரெட் மெகஸீன்' முதல் இதழிலிருந்து வந்தது. புலம்பெயர்ந்து வந்த போர்ட்டோரிக்கோத் தம்பதியர் தங்கள் பெண்குழந்தைக்கு அமெரிக்கா என்று பெயர் வைக்கிறார்கள். அவளும் பென்னட் பீனி என்ற பையனும் சேர்ந்து வளர்கிறார்கள். அவன் பயந்தாங்கொள்ளி. சிரிப்புப் பாட்டுப் பாடிப் பணக்காரனாகிறான். அவள் ஜனநாயக இயக்கத்துக்குப் போகிறாள், அது நசுக்கப்பட்ட பிறகு ஆயுதக் குழுவுக்குப் போகிறாள். சுதந்திர தேவி சிலையை வெடிவைத்துத் தகர்க்க அவர்கள் திட்டமிடுகிறார்கள். பீனி அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ட்ரெட்டிடம் காட்டிக்கொடுக்கிறான். அவள் சிலையருகே சுடப்பட்டு விழுகிறாள். அந்தச் சுதந்திர தேவிக்குப் பக்கத்திலேயே, அவளைக் குள்ளமாக்கிக்கொண்டு, நீதிபதி வடிவிலான பிரம்மாண்டச் சிலை நிற்கிறது. கடைசியில் பீனி செய்வதுதான் சகிக்க முடியாதது. மூளை செத்துப்போன அவள் உடம்பில் தன் மூளையை வைத்துக்கொள்கிறான். அவள் முகம் மிஞ்சுகிறது, அவள் மிஞ்சவில்லை.

தாராளவாதி புரட்சிக்காரியை எப்படி நேசிக்கிறான் என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொன்ன கதையை நான் வாசித்ததில்லை. அவள் அரசியலைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்கு வேண்டியிருக்கிறது. ட்ரெட் இந்தக் கதையில் அதிகம் வருவதேயில்லை. வருகிறபோதெல்லாம் பனிக்கட்டி மாதிரி வருகிறான்.

இந்த ஜனநாயகக் கதைகளின் முடிவு 1991இல் வந்தது. நீதிபதிகள் ஆட்சி வேண்டுமா வேண்டாமா என்று ட்ரெட்டே வாக்கெடுப்புக்கு வற்புறுத்துகிறான். பெரும்பாலோர் ஓட்டுப் போட வரவில்லை. வந்தவர்களில் பெரும்பான்மை நீதிபதிகளுக்கே போடுகிறது. இதைத் துணிச்சலான முடிவு என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அரைகுறை உண்மை என்றுதான் நான் சொல்வேன். ஒடுக்கப்பட்டவர்கள் ஒடுக்குமுறைக்குச் சம்மதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சம்மதம் எத்தனை வருஷ மிரட்டலாலும் காட்டிக்கொடுத்தலாலும் உற்பத்தி செய்யப்பட்டது என்பதை 'புரட்சி'யும் 'அமெரிக்கா'வும் காட்டிய பிறகு, 'ஜனங்களுக்கே அக்கறையில்லை' என்று தோளைக் குலுக்குவது பழைய கோமாளிச் சிரிப்புக்கே திரும்பிப் போவதாகும்.

6

ட்ரெட்டை விட்டு வெளியே வந்தால் இந்த இதழின் வேறு சில தொடர்கள் முகத்தை நேரடியாகவே பிரச்சினையாக்கியிருக்கின்றன.

வாக்னரும் எஸ்கெராவும் 1978இல் 'ஸ்டார்லார்ட்' இதழில் தொடங்கி, அது இதனோடு இணைந்தபோது கூடவே வந்த தொடர் 'ஸ்ட்ரான்டியம் டாக்'. அணுக்கதிர்ப் பொழிவால் உருமாறிப் பிறந்தவர்கள் சேரிகளில் ஒதுக்கி வைக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே தொழில் குற்றவாளிகளைத் தலைக்கு விலை வாங்கிக்கொண்டு வேட்டையாடுவது. பிறப்பினால் தீட்டு, தீட்டான வேலையும் பிறப்பினாலேயே. நமது வாசகர்களுக்கு இதன் பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாயகன் ஜானி ஆல்ஃபாவின் அப்பா, உருமாறிகளை ஒழிக்கக் கிளம்பிய அரசியல்வாதி. 1981இல் வந்த 'ஓர் உருமாறியின் சித்திரம்' இந்தப் பின்கதையைச் சொல்கிறது. எனது பட்டியலில் இரண்டாமிடம் இதற்கு. இங்கே கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி முகம். வேறு வழியில்லை, முகம்தான் அவர்கள் குற்றம். பிற்பாடு ஆல்ஃபாவைச் சாகடித்தபோது (1990) எஸ்கெரா அதை வரைய மறுத்துவிட்டார். 2010இல் அவனை உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலி ஓவியர் ஒருவர் தன் பாத்திரத்துக்காக மாட்டேன் என்று சொன்னதுதான் அந்த மரணத்தின் கௌரவம்.

மில்ஸும் ஓ'நீலும் 1980இல் தொடங்கிய 'நெமிஸிஸ் தி வார்லாக்' இன்னும் மூர்க்கமானது. மனித இனத் தூய்மை பேசி வேற்றுக்கிரகவாசிகளைக் கொளுத்துகிற டார்க்கெமாடா என்ற மதவிசாரணைத் தலைவன் வில்லன். குளம்பும் கொம்பும் வைத்த பிசாசு உருவம் நாயகன். வாசகன் தன் இனத்துக்கு எதிராக நிற்கும்படி ஆகிறது. ஒரே குறை, மில்ஸ் பிரசங்கம் செய்கிற இடங்களில் ஓ'நீலின் தூரிகை மட்டும்தான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

'ரோக் ட்ரூப்பர்' (1981) எனக்கு ஏமாற்றம். செத்துப்போன தோழர்களின் நினைவுகள் சில்லுகளாகத் துப்பாக்கியிலும் தலைக்கவசத்திலும் பையிலும் பேசுகின்றன என்பது அபாரமான கற்பனை. டேவ் கிப்பன்ஸின் சித்திரங்களும் அப்படியே. ஆனால் வாரக்கணக்காகத் துரோகி ஜெனரலைத் தேடி அலைந்ததில், இந்த யுத்தம் யாருக்காக என்ற கேள்வி தொலைந்துபோயிற்று.

ஆலன் மூரும் இயன் கிப்ஸனும் செய்த 'ஹேலோ ஜோன்ஸ்' (1984-86) பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பையன்கள் இதழில் ஒரு சாதாரணப் பெண். மன்ஹாட்டன் கரையோரம் மிதக்கிற, வேலையில்லாதவர்களை அடைத்து வைத்த குடியிருப்பில் வாழ்கிறாள். முதல் பாகத்தின் பெரிய சாகசமே கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதுதான். சண்டை இல்லை, புரியாத கொச்சை மொழி என்று அன்றைய ரசிகர்கள் பலர் முணுமுணுத்தார்கள். அடுத்த பாகங்களில் மூர் அடிதடியைக் கூட்டினார். ரசிகர் ஓட்டுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. இரண்டாம் பாகத்தில் கிளிஃப் என்றொரு பாத்திரம் வரும். பலமுறை பாலினம் மாறியதில், இருப்பதே யார் கண்ணிலும் படாமல் போய்விட்ட பிறவி. அது ஹேலோவின் உயிரைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் ஞாபகமும் இல்லை. வாசகனுக்கு மட்டும் தெரியும். 90 கோடிச் சாவு செய்யாததை இந்த ஒரு சாவு செய்துவிடுகிறது.

மூர் ஒன்பது பாகங்கள் எழுதத் திட்டமிட்டிருந்தார். உரிமைத் தகராறில் மூன்றோடு நின்றுவிட்டது. தார்க்கின் ரோபோக்கள் வேடிக்கைக்குள் இருந்த உண்மை இங்கே பல்லைக் காட்டுகிறது. ஹேலோ ஜோன்ஸுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் கற்பனை வறட்சி அல்ல, ஒப்பந்தம்.

7

2000இல் ரெபெல்லியன் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் இதழை வாங்கியது. வாரஇதழாகவே வெளியிடுகிறது. இதன் இன்னொரு விசேஷம் காலக்கணக்கு. நமக்கு ஒரு வருஷம் என்றால் மெகாசிட்டிக்கும் ஒரு வருஷம். 1977இல் 2099. ட்ரெட்டும் கிழவனாகிக்கொண்டே வருகிறான். அமெரிக்க சூப்பர் ஹீரோக்களைப் போல மறுபடி மறுபடி இளமையாகிற வித்தை இங்கே கிடையாது. பத்து வயதில் 'அபோகலிப்ஸ் வார்' படித்து விசிலடித்தவன் நாற்பதில் 'டே ஆஃப் கேயாஸ்' (2011-12) படித்தான். ஈஸ்ட்-மெக்கில் தப்பிப் பிழைத்தவர்கள் கிருமி கொண்டு பழிவாங்குகிறார்கள். 40 கோடியில் 35 கோடிப் பேர் சாகிறார்கள். அன்று அழுத்திய பொத்தானுக்கு முப்பது வருஷம் கழித்து ரசீது வருகிறது. நையாண்டியால் செய்ய முடியாததை இந்த ஞாபகசக்தி செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்னர் தன் நாயகனை மட்டும் கூண்டில் ஏற்றவில்லை. கைதட்டியவனையும் பக்கத்தில் நிறுத்துகிறார்.

2024இல் ராப் வில்லியம்ஸும் ஆர்தர் வயட்டும் எழுதி ஹென்றி ஃபிளிண்ட் வரைந்த 'எ பெட்டர் வேர்ல்ட்' வந்தது. கணக்குப் பிரிவு நீதிபதி மெயிட்லாண்ட் என்ற பெண், ஒரு பகுதியில் மட்டும் நீதிபதிகளுக்கான பணத்தைக் குறைத்துக் கல்விக்கும் நலத்திட்டங்களுக்கும் திருப்பிப் பார்க்கிறாள். குற்றம் குறைகிறது. உடனே எதிர்ப்பு கிளம்புகிறது, ஊடகங்களிலும் நீதிபதிகளுக்குள்ளும். 'காமிக்ஸில் கட்சி அரசியல் எதுக்கு?' என்று கேட்கிற ரசிகனை எங்கும் சந்திக்கலாம். தோளில் கழுகு உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் அவனுக்கு அரசியல் கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பணம் என்றதும் பட்டுவிட்டது.

இந்தக் கதையை 'அமெரிக்கா'வுக்குச் சமமாக வைக்க மாட்டேன். மெயிட்லாண்டும் நீதிபதிதான். நல்லது செய்வதும் மேலேயிருந்தே நடக்கிறது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களைப் புள்ளிவிவரமாகத்தான் அதிகம் பார்க்கிறோம், ஆட்களாகப் பார்ப்பது கொஞ்சம்தான். ஆனாலும் போலீஸ் இல்லாவிட்டால் ஜனங்கள் அடித்துக்கொண்டு சாவார்கள் என்ற, இந்தத் தொடர் பிறந்த நாள் முதலாகச் சுமந்து வருகிற அனுமானத்தை, கோமாளிச் சிரிப்பு இல்லாமல், கணக்குப் போட்டு எதிர்த்திருக்கிறார்கள். புதிதாகப் படிக்க வருகிற நண்பர்களுக்கு என் சிபாரிசு இந்த வரிசையில்: முதலில் 'கடிதம்', 'புரட்சி', 'அமெரிக்கா' மூன்றையும் சேர்த்து, பிறகு 'ஹேலோ ஜோன்ஸ்', பிறகு 'ஓர் உருமாறியின் சித்திரம்'. இவற்றுக்கப்புறம் 'அபோகலிப்ஸ் வா'ரையும் 'டே ஆஃப் கேயா'ஸையும் ஒரே மூச்சில் படியுங்கள். விசிலடிக்கத் தோன்றுகிற இடங்களில் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு நாம் பேசலாம்.